கணக்கைத் திறந்து பார்க்கும் உரிமை

(பாசிக்குடாவில் தோட்டக் கமிட்டி இளைஞர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நடத்தப்பட்ட இரண்டு நாள் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலையில் நம்மில் பலர் கடலில் இறங்கினோம். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தவர்களும் நம்மோடு இருக்கிறார்கள். பாசிக்குடாக் கடலில் வெகுதூரம் நடந்து போகலாம். குனிந்து பார்த்தால் நம் கால் தெரியும், மணல் தெரியும். அதனால்தான் நீந்தத் தெரியாத நாமும் பயமில்லாமல் இறங்கினோம். அடி தெரிகிற தண்ணீருக்கும் அடி தெரியாத தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றித்தான் இன்று நாங்கள் பேச வந்திருக்கிறோம்.

விஷயம் கணினி மென்பொருள். நிகழ்ச்சி நிரலைப் பார்த்த ஒரு தலைவர் நேற்றே கேட்டுவிட்டார்: "சம்பளப் பிரச்சினை இருக்கு, வீட்டுப் பிரச்சினை இருக்கு, காணிப் பிரச்சினை இருக்கு. இதுக்குள்ள கம்பியூட்டர் எதுக்கு டீச்சர்?" நியாயமான கேள்வி. சம்பளப் பிரச்சினையிலிருந்தே பதிலைத் தொடங்குகிறோம்.

"மெசின்ல அப்படித்தான் வருது"

நாங்கள் படிப்பிக்கும் பாடசாலைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தோட்டத்தின் மடுவத்துக்கு டிஜிட்டல் தராசு வந்தபோது எல்லோருக்கும் சந்தோஷம். பழைய தராசின் முள் எங்கே நிற்கிறது என்பது நிறுக்கிறவருக்குத்தான் தெரியும். புதிய தராசில் இலக்கம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. இனிச் சண்டையில்லை என்று நினைத்தோம்.

அங்கே கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா, ஒவ்வொரு நாளும் தராசில் பார்த்த கிலோவை மகளிடம் சொல்லி, அவளுடைய பழைய கொப்பியில் எழுதி வைத்தார். மகள் எங்கள் வகுப்பில் படித்தவள். மாத முடிவில் அவளே கூட்டிப் பார்த்தாள். சம்பளத் துண்டில் இருந்த கிலோ, கொப்பியில் இருந்ததைவிடக் குறைவு. தோட்டக் காரியாலயத்துக்குப் போனோம். கிளாக்கர் ஐயா கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாங்க ஒண்ணும் கை வைக்கல்லம்மா. மெசின்ல அப்படித்தான் வருது."

அவர் பொய் சொல்லவில்லை, தோழர்களே. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்க வேண்டும், அரைக் கிலோ வந்தால் மேலே எடுப்பதா கீழே தள்ளுவதா, எத்தனை கிலோவுக்கு முழுப்பேர், எத்தனைக்கு அரைப்பேர் என்பதெல்லாம் யாரோ ஒருவர் மென்பொருளுக்குள் எழுதி வைத்த கட்டளைகள். எழுதியவர் தோட்டத்தில் இல்லை. எழுதியதைக் காட்டுங்கள் என்று கேட்டால், அது மென்பொருளை விற்றவரின் சொத்து, காட்ட முடியாது என்று பதில் வந்தது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று சம்பள நிர்ணய சபை மூலம் தீர்மானிக்கப்பட்ட பின்னர், பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கிலோவைக் கூட்டியது நமக்குத் தெரியும். ஒரு கிலோ குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகிவிடும் என்ற நிலையில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கழித்தல் கணக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள்.

நமது நாட்டில் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி, வியாபாரத்துக்குப் பயன்படும் தராசை அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் பரிசோதித்து முத்திரையிடுகிறது. சந்தேகம் வந்தால் படிக்கல் வைத்து நாமே சோதித்துப் பார்க்கவும் முடியும். ஆனால் தராசிலிருந்து இலக்கம் கணினிக்குப் போன பிறகு அங்கே நடக்கும் பெருக்கலுக்கும் கழித்தலுக்கும் முத்திரையும் இல்லை, படிக்கல்லும் இல்லை. "மெசின்ல வருது" என்ற ஒரே பதில்தான் இருக்கிறது.

மூடிய மென்பொருள், கட்டற்ற மென்பொருள்

மென்பொருளை எழுதுகிறவர் முதலில் மனிதர் வாசிக்கக்கூடிய விதத்திலேயே எழுதுகிறார். "கிலோவை எடு, சாக்கின் எடையைக் கழி, இன்ன அளவுக்கு மேல் இருந்தால் முழுப்பேர் போடு" என்று வரிவரியாக எழுதுகிறார். இதற்கு மூலநிரல் என்று பெயர். பிறகு அது கணினிக்கு மட்டும் விளங்கும் வெறும் இலக்கங்களாக மாற்றப்படுகிறது. தனியுரிம மென்பொருளை விற்கும் கம்பனி அந்த இலக்கங்களை மட்டுமே நமக்குத் தரும். மூலநிரலைத் தன்னிடம் பூட்டி வைத்துக்கொள்ளும். நாம் பணம் கொடுத்தாலும் பொருள் நமக்குச் சொந்தமாவதில்லை. இத்தனை கணினியில், இத்தனை காலத்துக்குப் பாவிக்கலாம் என்ற அனுமதி மட்டும்தான் கிடைக்கிறது. லயத்துக் காம்பிராவில் மூன்று தலைமுறை வாழ்ந்தும் ஒரு சுவரை இடிக்கத் துரையிடம் கேட்க வேண்டியிருக்கும் நமக்கு, இந்த மாதிரி அனுமதி என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை.

இதை எதிர்த்து எழுந்த இயக்கத்தின் தொடக்கமும் ஒரு வேலைத்தலத்தில்தான். 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை செய்தார். அங்கே ஸெரொக்ஸ் கம்பனி கொடுத்த அச்சு இயந்திரத்தில் கடதாசி அடிக்கடி சிக்கிக்கொள்ளும். முன்பிருந்த இயந்திரத்தின் மென்பொருளில், கடதாசி சிக்கினால் எல்லோருக்கும் செய்தி போகும்படி ஸ்டால்மன் திருத்தம் செய்திருந்தார். புதியதன் மூலநிரல் தரப்படவில்லை. அது வேறொரு பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் இருப்பதாக அறிந்து கேட்டுப் போனார். "யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று கம்பனிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்" என்று அவர் மறுத்துவிட்டார். ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்கு உதவக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஸ்டால்மனை உறுத்தியது அதுதான்.

1983 செப்டெம்பரில் அவர் க்னூ என்ற திட்டத்தை அறிவித்தார். 1983 நமக்கு எப்படிப்பட்ட ஆண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டியதில்லை. நாம் உயிரையும் உடைமையையும் தூக்கிக்கொண்டு ஓடிய சில வாரங்களில், உலகத்தின் இன்னொரு மூலையில் இப்படி ஒரு வேலை தொடங்கியிருக்கிறது. 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை உருவானது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இதனோடு சேர்ந்தபோது, ஒரு கணினியை முழுவதும் கட்டற்ற மென்பொருளிலேயே இயக்க முடிந்தது.

ஒரு மென்பொருளைக் கட்டற்றது என்று சொல்ல நான்கு சுதந்திரங்கள் இருக்க வேண்டும். முதலாவது, எந்த நோக்கத்துக்கும் அதைப் பாவிக்கலாம். இரண்டாவது, அது எப்படி வேலை செய்கிறது என்று திறந்து படித்து, நமக்கேற்ற மாதிரி மாற்றலாம். மூன்றாவது, பிரதி எடுத்து அயலவருக்குக் கொடுக்கலாம். நான்காவது, நாம் திருத்தியதையும் ஊருக்குக் கொடுக்கலாம்.

இங்கே விலையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல்தான். அதனால் அங்கே பெரிய குழப்பம். நமக்கு அந்தக் குழப்பம் தேவையில்லை. தேர்தல் காலத்தில் வீட்டுக்கு வரும் தகரம் இலவசம். காணி உறுதி சுதந்திரம். இரண்டையும் பிரித்துப் பார்க்க நம்மவர்களுக்கு நன்றாகத் தெரியும். கைத்தொலைபேசியில் காசில்லாமல் கிடைக்கும் செயலிகளில் பல, மூலநிரலைக் காட்டாத மூடிய மென்பொருள்கள். காசில்லை என்பதற்காக அவை கட்டற்றவை ஆகிவிடா.

இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. ஜீ.பி.எல். என்ற உரிமப்படி, ஒரு கட்டற்ற மென்பொருளை எடுத்து மேம்படுத்தி மற்றவர்களுக்குக் கொடுப்பவர், தான் செய்த திருத்தத்தையும் அதே சுதந்திரங்களோடு கொடுக்க வேண்டும். பொதுவில் எடுத்துத் தனிச்சொத்தாகப் பூட்ட முடியாது. கூட்டு ஒப்பந்தத்தின் தத்துவமும் இதுதானே! ஒருவர் போராடிப் பெற்றது நாளைக்குப் பிரட்டுக்கு வரும் புதுப் பிள்ளைக்கும் சேரும்.

இந்தக் கரையில் நடந்த கதை

இதெல்லாம் வெள்ளைக்காரர் நாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை இந்தக் கரைக்கு என்ன நடந்தது என்று மட்டக்களப்புத் தோழர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. நாடு முழுவதும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் வீடிழந்தார்கள். யார் எந்த முகாமில் இருக்கிறார், யாரைக் காணவில்லை, எந்த ஊருக்கு எந்த நிறுவனம் போயிருக்கிறது, எங்கே மருந்து தேவை, எங்கே பால்மா குவிந்து கிடக்கிறது என்ற கணக்கைக் கடதாசியில் வைக்க முடியவில்லை. உடனே எடுத்து, இங்குள்ள தேவைக்கேற்ப மாற்றிப் பாவிக்கக்கூடிய மென்பொருளும் கைவசம் இல்லை.

அந்த நாட்களில் நமது நாட்டுக் கணினித்துறைத் தொண்டர்கள் ஒன்றுகூடி, இரவு பகலாக ஒரு மென்பொருளை எழுதினார்கள். அதற்கு 'சஹானா' என்று பெயர். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். கொழும்பில் அரசாங்கம் அமைத்த தேசிய நடவடிக்கை நிலையத்தில் அது பாவிக்கப்பட்டது. லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அந்த வேலையைத் தொடர்ந்து முன்னெடுத்தது. அவர்கள் அதைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டார்கள்.

அதனால் என்ன நடந்தது? 2005இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் வந்தபோது அங்கே சஹானாவை எடுத்துப் பாவித்தார்கள். 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், இந்தோனேசியாவின் ஜோக்ஜகார்த்தா நிலநடுக்கத்திலும், 2010இல் ஹெய்ட்டியிலும் அது உதவியது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுக்காக வழங்கும் விருது 2006ஆம் ஆண்டுக்கு சஹானாவுக்குக் கிடைத்தது. நம் கண்ணீரில் எழுதிய கணக்குப் புத்தகம் இன்னொரு நாட்டுக் கண்ணீருக்கும் பயன்பட்டது. ஒரு நாட்டுக்கு மட்டும் அனுமதி வாங்கிய மூடிய மென்பொருளாக இருந்திருந்தால், அது கொழும்பில் ஒரு அலுமாரிக்குள்ளேயே முடிந்திருக்கும்.

மிகைப்படுத்திச் சொல்லவும் கூடாது. நிவாரணப் பங்கீட்டில் நடந்த அநியாயங்களை ஒரு மென்பொருள் திருத்திவிடவில்லை. மென்பொருள் ஒரு கருவிதான். ஆனால் அந்தக் கருவி யார் கையில் இருக்கிறது, அதை யார் திறந்து பார்க்கலாம் என்பது பெரிய விஷயம்.

நம் வீட்டுக் குறையும் உண்டு

கம்பனியை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் மாவட்டக் காரியாலயத்தில் அங்கத்தவர் பட்டியலையும் சந்தாக் கணக்கையும் ஒருவரிடம் பணம் கொடுத்து மென்பொருளாகச் செய்வித்தோம். நன்றாகத்தான் வேலை செய்தது. பிறகு கணினி பழுதானது. புதியதில் போடுவதற்குத் திறவுச்சொல் கேட்டது. செய்து கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். பல வருடப் பட்டியல் வன்தட்டில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் திறக்க முடியவில்லை. கடைசியில் பழைய பற்றுச்சீட்டுப் புத்தகங்களைத் தேடியெடுத்து, மூன்று மாதம் உட்கார்ந்து மறுபடி எழுதினோம். ஓய்வுபெற்ற ஓர் அம்மா, தான் எந்த வருடம் சங்கத்தில் சேர்ந்தார் என்று கேட்டு வந்தபோது, நாங்களும் கிட்டத்தட்ட அந்தக் கிளாக்கர் ஐயா சொன்ன பதிலைத்தான் சொன்னோம். அது எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

இந்த நிலைமைக்கு மாற்று இருக்கிறது. ஓப்பன் ஒபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளை நடத்திவந்த கம்பனி 2010இல் கைமாறியது. புதிய முதலாளியின் கீழ் அது என்னவாகுமோ என்று அஞ்சிய பங்களிப்பாளர்கள், மூலநிரலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து லிப்ரே ஒபிஸ் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். அதைத்தான் இன்று நாங்கள் இந்தக் கணினியில் வைத்திருக்கிறோம். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளுக்குக் கைமாறியபோது நம்மிடம் யார் கேட்டார்கள்? கட்டற்ற மென்பொருளில் முதலாளி மாறினாலும் வேலை செய்தவர்களின் உழைப்பு அவர்களோடு வரும்.

பக்கத்துக் கேரளத்தில் அரச பாடசாலைகளில் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளில்தான் கணினி படிக்கிறார்கள். மூணாறுத் தோட்டங்களில் உள்ள நமது உறவுகளின் பிள்ளைகளும் அப்படித்தான். அங்கே மின்சார வாரியத்தின் கட்டணக் கணக்குக்கான 'ஒருமா' என்ற மென்பொருளை, வாரிய ஊழியர்களே கட்டற்ற கருவிகளைக் கொண்டு உருவாக்கினார்கள். மலையாளத்தில் அந்தச் சொல்லுக்கு ஒற்றுமை என்று பொருள்.

வரக்கூடிய கேள்விகள்

"சந்தியில் நூறு ரூபாவுக்கு சீடி வாங்கிப் போட்டால் எல்லா மென்பொருளும் ஓடுதே, பிறகென்ன?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். திருட்டுப் பிரதியிலும் மூலநிரல் தெரியாது. நாம் திருத்தவும் முடியாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் மென்பொருளையும் பாதுகாக்கிறது. சங்கக் காரியாலயத்துக்குள் நுழையக் காரணம் தேடுகிறவருக்கு நாமே ஒரு காரணத்தை எழுதி மேசையில் வைக்கலாமா?

"சும்மா கிடைப்பது தரமாக இருக்குமா?" உலகத்தின் மிக வேகமான 500 கணினிகளும் 2017 முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. நம் கையில் இருக்கும் அண்ட்ராய்ட் தொலைபேசியின் உள்ளே இருப்பதும் லினக்ஸ் கருதான்.

"பழுதானால் திருத்த நம்ம டவுனில் ஆள் உண்டா?" இது உண்மையான கஷ்டம். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கடைக்காரருக்கு விண்டோஸ்தான் பழக்கம். ஆரம்பத்தில் சிரமப்படுவோம். சில அச்சு இயந்திரங்கள் உடனே வேலை செய்யாது. வெளியிலிருந்து வரும் கோப்புகளின் அமைப்புக் குலையும். ஆனால் கற்றுக்கொண்டதை ஒளித்து வைக்கத் தேவையில்லாத துறை இது. ஒரு தோட்டத்தில் ஒரு பிள்ளை படித்தால் பத்துத் தோட்டத்துக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

இந்த முகாமிலிருந்து நான்கு வேலைகளை எடுத்துக்கொண்டு போவோம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலும் சந்தாக் கணக்கும் இனி லிப்ரே ஒபிஸில், எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய கோப்பாக இருக்கட்டும். வேண்டியவர்களுக்கு மட்டும் திறவுச்சொல் கொடுப்போம். அந்தத் திறவுச்சொல் ஒருவர் தலையில் மட்டும் இருக்கக்கூடாது. பிரதி இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். மென்பொருள் திறந்திருக்கலாம். அங்கத்தவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் ஊருக்குத் திறந்திருக்கக்கூடாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டு, பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்வதை நிறுத்தி யுனிகோடுக்கு மாறுவோம். பாமினி இல்லாத கணினியில் நமது பழைய துண்டுப்பிரசுரங்கள் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. இ-கலப்பை போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் கட்டற்றதாகவே கிடைக்கின்றன.

மூன்று, ஒவ்வொரு தோட்டத்திலும் சம்பளத் துண்டைச் சரிபார்க்கும் ஒரு சிறிய கணக்குத் தாளைக் கணினியில் செய்வோம். நாளொன்றுக்கு 1,350 ரூபா வீதம் 20 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 27,000 ரூபா. அதில் தொழிலாளியின் ஈ.பி.எப். நூற்றுக்கு 8 வீதம், 2,160 ரூபா. கம்பனி போட வேண்டியது 12 வீதம், 3,240 ரூபா. ஈ.டி.எப். 3 வீதம், 810 ரூபா. இந்தக் கணக்குத் தாளில் எந்தக் கட்டத்தில் தட்டினாலும் அந்தத் தொகை எப்படி வந்தது என்று தெரியும். ஓ.எல். படிக்கும் பிள்ளை செய்துவிடும். இன்று பிற்பகல் அமர்வில் எல்லோரும் சேர்ந்து அதைத்தான் செய்யப்போகிறோம்.

நான்கு, அடுத்த பேச்சுவார்த்தைக்கான கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரியைச் சேர்க்குமாறு தலைமைக்கு எழுதுவோம். கொழுந்து நிறுவையிலிருந்து சம்பளம் வரை கணக்குப் போடும் மென்பொருளின் விதிகள் எழுத்தில், தமிழில், தோட்டக் கமிட்டிக்குத் தரப்பட வேண்டும். தொழிற்சங்கம் நியமிக்கும் ஒருவர் அதைத் திறந்து பரிசோதிக்க இடம்தர வேண்டும். கம்பனி கட்டற்ற மென்பொருளுக்கு நாளைக்கே மாறிவிடும் என்று நாங்கள் கனவு காணவில்லை. முதலில், பார்க்கும் உரிமை வேண்டும்.

அந்த அக்காவின் விஷயம் என்னவானது என்று கேட்பீர்கள். கொப்பியை வைத்துக்கொண்டு நான்கு தடவை காரியாலயத்துக்குப் போனோம். கடைசியில் ஒரு தடவையில் கழிக்கும் கிலோ குறைக்கப்பட்டது. ஏன் அவ்வளவு கழித்தார்கள், யார் அதை எழுதினார் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. பின்பாக்கியும் கிடைக்கவில்லை. அந்தக் கொப்பி இப்போது எங்களிடம் இருக்கிறது. அதில் ஒரு பிள்ளை பென்சிலால் எழுதிய கணக்கை யாரும் வாசிக்கலாம், யாரும் கூட்டிப் பார்க்கலாம், பிழை இருந்தால் யாரும் சொல்லலாம். பெரிய கணினிகளிலும் நம் சம்பளக் கணக்கு அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

இனி "மெசின்ல அப்படித்தான் வருது" என்று யாராவது சொன்னால், "அப்படியா ஐயா, மெசினுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யாரு, எழுதினதைக் காட்டுங்க" என்று கேட்போம்.